படுகைச் சேறு

அக்காவும் அத்தானும் பன்றிப் பண்ணை வைத்திருந்தார்கள். கொட்டகை கழுவிய நீர் ஓடையில் கலந்து ஊரையே மூக்கைப் பொத்த வைத்ததால், கழிவுநீர்ப் பொறியாளரான தங்கை கொட்டகைக்குப் பின்னால் சரளை பரப்பி நாணல் நட்டு ஒரு படுகை அமைத்துக் கொடுத்தாள். கழிவு ஒரு முனையில் கறுப்பாக நுழைந்து, மறுமுனையில் தெளிந்து வெளியேறியது. தீவனத்தில் கலக்கும் ஆன்டிபயாடிக் மருந்துகூட வெளிவரும் நீரில் இல்லையென்று பரிசோதனைக்கூடம் சொன்னது.

"பன்னிக்குக் காய்ச்சல்னா மருந்து இருக்கு, தண்ணிக்குக் காய்ச்சல்னா மச்சினி இருக்கா" என்று வருகிறவர்களிடமெல்லாம் அத்தான் பீற்றிக்கொண்டார்.

ஒருநாள் படுகையின் குழாய் அடைத்துக்கொண்டது. அக்கா வெறுங்கையால் நாணலைப் பிடுங்கியபோது ஒடிந்த தண்டு உள்ளங்கையைக் கீறியது. பழைய துணியைச் சுற்றிக்கொண்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள். இரண்டே நாளில் கை புசுபுசுவென்று வீங்கி, காய்ச்சல் அனலாய்க் கொதித்தது. ஆஸ்பத்திரியில் மாத்திரை கொடுத்தார்கள், ஊசி போட்டார்கள், மருந்தை மாற்றினார்கள். வீக்கம் முழங்கையை நோக்கி ஏறிக்கொண்டே இருந்தது.

டாக்டரம்மா தங்கையை வராந்தாவுக்கு அழைத்தார்.

"உங்க அக்கா அடிக்கடி மாத்திரை சாப்பிடுறவங்களா?"

"தலைவலிக்குக்கூடத் தைலத்தோட விட்டுடுவா."

"அப்புறம் எப்படி? இந்தக் கிருமி எந்த மருந்தையும் சட்டை பண்ண மாட்டேங்குதே. கையை எதுல வெச்சாங்க?"

அக்கா அடைப்பெடுத்த படுகை தங்கையின் நினைவுக்கு வந்தது. நேராகப் பண்ணைக்குப் போய், கையுறை மாட்டிக்கொண்டு, படுகையின் அடியிலிருந்து சேற்றை அள்ளிச் சோதனைக்கு அனுப்பினாள். அதுவரை அவள் நீரை மட்டுமே பார்த்திருந்தாள். மருந்து எங்கும் போகவில்லை. சேற்றில் படிந்து கிடந்தது. அதிலேயே ஊறிப் பெருகிய கிருமிகளுக்கு அது பழகிப்போயிருந்தது.

கடைசியில் ஒரு மருந்து பிடித்தது. அதற்குள் அக்காவின் இரண்டு விரல்களை எடுத்துவிட்டார்கள். கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு, "வெங்காயம் நறுக்காம தப்பிச்சேன்" என்று அக்கா சிரிக்கப் பார்த்தாள். தங்கை முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அன்று மாலையே அத்தானிடம் சொன்னாள். "நோய் வந்தாதான் மருந்து. இனிமே தீவனத்துல கலக்கக் கூடாது. படுகையை வேலி போட்டு மூடணும். யாரும் இறங்கக் கூடாது."

அவர் சரி என்று தலையாட்டினார்.

"மழைக்கு முன்னாடி தூர் வாரினீங்களே, அந்தச் சேத்தை எங்க கொட்டுனீங்க?"

"கொட்டறதா? நல்ல எருவாச்சேன்னு தெருவே வந்து அள்ளிட்டுப் போச்சும்மா. சும்மா கிடக்கிறதுதானேன்னு நானும் விட்டுட்டேன். பள்ளிக்கூடத் தோட்டத்துக்குக்கூட வண்டி நிறைய..."

தங்கை செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கினாள். அந்த வருஷம் எல்லா வீட்டு வாசலிலும் கீரை மதமதவென்று வளர்ந்திருந்தது. முதல் வீட்டில் தையல்காரர் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தார்.

"வாம்மா, அக்காவுக்கு எப்படியிருக்கு?"

"தேவலை. நீங்க முதல்ல மண்ணை விட்டு எழுந்திருங்க. கையைச் சோப்பு போட்டுக் கழுவுங்க."

"ஏன், என்னாச்சு?" என்றபடி எழுந்தவர் ஒரு காலைத் தாங்கித் தாங்கி நடந்தார். "முள்ளு குத்தினது. ஆறவே மாட்டேங்குது."

அவள் குனிந்து அந்தக் காலைப் பார்த்தாள். கணுக்கால்வரை சிவந்திருந்தது.