நாலு பேரும் வந்தால்தான் அலை

எனக்குக் கோபம் வந்தால் நாக்கு நிற்காது என்று எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும். தெரியட்டும். ஆறின பிறகு சொல்லலாம் என்றுதான் இருந்தேன். ஆறுகிற வழியாக இல்லை. அதனால் கொதிக்கிறபோதே சொல்லிவிடுகிறேன்.

என் பெயர் ஷீஜா. நாகர்கோவிலில் ஒரு செருப்புக்கடைக்கு மேல்மாடியில் வீடியோ கேம் செய்கிற கம்பெனி ஒன்று இருக்கிறது. பெயரைச் சொல்லமாட்டேன், என் வாயால் அதற்கு ஒரு விளம்பரம் வேண்டாம். அங்கே வீடு, தெரு, மரம், வள்ளம் என்று எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் கட்டிக்கொடுக்கிற வேலை எனக்கு. கேமை வெளியிடுவது பெங்களூர்க்காரர்கள். நாங்கள் கூலிக்கு மாரடிக்கிறவர்கள்.

இந்த வருடத் தொடக்கத்தில் ஒரு பெரிய வேலை வந்தது. காமிக்ஸ் புத்தகத்து வில்லன்கள் நாலு பேர்: நஞ்சன், கொக்கிக்கையன், சாம்பல்ராணி, அலையரசன். ஹீரோ என்று ஒருத்தனும் கிடையாது. நாலு பேர் ஆளுக்கொரு கன்ட்ரோலரைப் பிடித்து, ஆளுக்கொரு வில்லனாகி, ஒன்றாகச் சேர்ந்து விளையாட வேண்டும். கிறிஸ்துமஸுக்கு வெளியீடு. முதலாளி தேவகுமார் சார் என்னைக் கூப்பிட்டார்.

"ஷீஜா, இவனுவ நாலு பேரும் ஒளிஞ்சு கெடக்கதுக்கு ஒரு கடற்கரை ஊர் வேணும். நீ கடற்கரைக்காரிதானே, உனக்க இஷ்டத்துக்குக் கெட்டு."

ஒளிந்து கிடப்பதற்கு. அந்த மனிதர் வாயிலிருந்து வந்த வார்த்தை அதுதான்.

இஷ்டத்துக்குக் கட்டு என்றால் நான் எதைக் கட்டுவேன்? குளச்சலுக்குப் பக்கத்தில் எங்கள் ஊரில், கடலை ஒட்டி ஒரு தெரு இருந்தது. சுனாமியில் போயிற்று. வீடுகளோடு, வீடுகளுக்குள் இருந்த ஆல்பங்களோடு, என் அம்மாவோடு, தம்பி லிஜினோடு. நான் கிறிஸ்துமஸ் லீவுக்குத் திற்பரப்பில் சித்தி வீட்டுக்குப் போயிருந்ததால் மிஞ்சினேன். இப்போது அங்கே கருங்கல்லைக் கொட்டித் தடுப்புச்சுவர் போட்டிருக்கிறார்கள். நாங்கள் கடலை விட்டுத் தள்ளி, சுனாமிக் குடியிருப்பில், ஒரே அச்சில் வார்த்த வீடுகளில் இருக்கிறோம். அந்தத் தெருவுக்கு ஒரு போட்டோகூட யாரிடமும் மிச்சமில்லை.

அதனால் அந்தத் தெருவைக் கட்டினேன். லேப்டாப்பை வீட்டுக்குக் கொண்டுவந்து வேலை செய்யும்போது குடியிருப்புப் பெண்கள் ஒவ்வொருவராக எட்டிப் பார்த்தார்கள். முதலில் வந்தது லீமா மாமி. அந்தத் தெருவில் எங்கள் அடுத்த வீடு. கருங்கல் என்கிற ஊர்ச் சந்தையில் மீன் விற்கிறவள். பார்த்ததும் ஒரே சத்தம்.

"ஏட்டி, பைப்பு வலது பக்கம்லா நிக்கும்! நீ என்னத்துக்கு எடது பக்கம் கொண்டு நட்ட?"

மாற்றினேன். தெருமுனையில் சிலுவை நிற்கிற குருசடிக்கு நீலப் பெயின்ட் என்றாள் ஒருத்தி. இல்லை, பச்சை என்றாள் இன்னொருத்தி. அதற்கு ஒரு சண்டை நடந்து, கடைசியில் நீலம் ஜெயித்தது. லீமா மாமி வீட்டு வாசற்படியில் ஒரு கல் ஆடும். அதையும் ஆட வைத்தேன். அன்றைக்கு அவர்கள் சிரித்த சிரிப்பு இருக்கிறதே, அதற்காகவே இன்னும் பத்துத் தெரு கட்டலாம் என்று இருந்தது எனக்கு.

கல்லறைத் திருநாளுக்கு எங்கள் ஊரே கல்லறைத் தோட்டத்தில் மெழுகுதிரி கொளுத்தும். உடல் கிடைக்காதவர்களுக்குக் கல்லறை ஏது? அந்த வீட்டுக்காரர்கள் கடற்கரைக்குப் போய் மணலில் திரியை நடுவார்கள். கொளுத்தக் கொளுத்தக் காற்று அணைக்கும். என் அம்மாவும் லிஜினும் கிடைக்கவில்லை. லீமா மாமியின் மகள் ஜெமியும் கிடைக்கவில்லை. ஒருநாள் மாமி திரையையே பார்த்துக்கொண்டு இருந்துவிட்டுக் கேட்டாள்:

"மக்கா, இதுக்குள்ள காத்து அடிக்குமா?"

"நான் அடிக்க வச்சாத்தான் அடிக்கும் மாமி."

"அப்பம் எங்க வாசல்ல ஒரு திரி வையி. அணையாத திரி."

வைத்தேன். மறுநாள் மற்றவர்களும் வந்து கேட்டார்கள். யார் யார் வீட்டில் யாரெல்லாம் போனார்களோ அந்த வாசலிலெல்லாம் வைத்தேன். எங்கள் வாசலில் இரண்டு. தெரு முழுக்கச் சின்னச் சின்னதாகச் சுடர் நின்றது. பத்து வருடத்தில் முதல்முறையாக மாமி என் தலையைத் தடவிவிட்டுப் போனாள்.

டிரெயிலர் வருகிறது என்றார்கள். நான் அறிவுகெட்டவள், வீடுவீடாகப் போய் எல்லோரையும் கூப்பிட்டேன். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து எல்லோரும் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். லேப்டாப்பை டிவியில் மாட்டினேன். தெரு வந்தது. "எங்க வாசல்! எங்க வாசல்!" என்று கைதட்டல். அப்புறம் அந்த நாலு வில்லன் சவங்களும் தெருவுக்குள் நுழைந்தன. கொக்கிக்கையன் ஒரு வாசலில் இருந்த திரியைக் கொக்கியால் தட்டினான். திரி அணைந்தது, 'டிங்' என்று மணி அடித்தது, மேலே பத்து பாயிண்ட் என்று எழுத்து மின்னியது. அடுத்த வாசல், டிங். அதற்கடுத்த வாசல், டிங். கடைசியில் நாலு பேரும் தெருக்கோடியில் கடலுக்குள் நீண்டிருந்த கடல்பாலத்தில் போய் நின்று சிரித்தார்கள். அலையரசன் கையைத் தூக்கினான். கடல் எழும்பி வந்து தெருவைத் துடைத்துக்கொண்டு போயிற்று.

லீமா மாமிதான் எழுந்தாள்.

"ஏட்டி, எனக்க பிள்ளைக்க திரிய அணைக்கதுக்குப் பத்து பாயிண்டா?"

அவ்வளவுதான். போய்விட்டாள். மற்றவர்களும் போனார்கள். அதன்பிறகு மாமி என்னைக் கண்டால் தெருவில் அந்தப் பக்கம் ஒதுங்கிப் போனாள். வெந்த புண்ணில் வேலைப் பாய்ச்சியவள் நான்தான் என்று அவள் நினைத்தால் அதில் என்ன தப்பு? அந்தத் திரியை எப்படியாவது அதிலிருந்து எடுத்துவிட வேண்டும். எனக்கு வேறு நினைப்பே இல்லை.

திங்கட்கிழமை தேவகுமார் சாரின் மேஜை முன்னால் போய் நின்றேன். "ஒளிஞ்சு கெடக்கதுக்குன்னு பறஞ்சுதானே ஊரைக் கெட்டச் சொன்னிய?"

"பெங்களூர்ல கதைய மாத்திட்டாங்க. வில்லன் கேமுல வில்லன் பின்ன கஞ்சி ஊத்துவானா?"

"மெழுகுதிரிக்கு எதுக்கு சார் பாயிண்டு?"

"மினுங்குத பொருள் எல்லாம் தட்டி எடுக்கதுக்குத்தான். கேமுக்க வழக்கம் அது."

"அது செத்தவங்களுக்கு வச்ச திரி. எங்க வழக்கம் அது."

அவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "சுனாமி கழிஞ்சு பத்து வருசம் ஆச்சுல்லா ஷீஜா" என்றார், ஏதோ பழைய பஸ் டிக்கெட்டைப் பற்றிச் சொல்வதுபோல. "உங்களுக்குப் பத்து வருசம். எனக்கு அம்மை இல்லாத்த ஒவ்வொரு நாளும் நான் எண்ணியாக்கும் கழிச்சேன்" என்று கத்தினேன். அவர் அசையவில்லை. "கேமைப் பூட்டியாச்சு. இனி அதுல ஒரு கல்லக்கூட நகத்த முடியாது. வெள்ளிக்கிழமை பெங்களூர்லேருந்து ஆள் வருவினும். விளையாடிப் பாத்துச் சரின்னுட்டா முடிஞ்சு. போய் வேலையப் பாரு."

என் பக்கத்து நாற்காலி அமீன், தேங்காய்ப்பட்டணத்துக்காரன். கேமின் விதிகளையெல்லாம் எழுதுகிறவன். அவனையும் விடவில்லை, வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன். தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டான்.

"பாயிண்டு போட்டது நான்தான். எனக்குத் தெரியாது ஷீஜா. கேட்டிருக்கணும், கேக்கல்ல." எழுந்து நேராக சாரின் அறைக்குப் போனான். போன முகத்தோடு வரவில்லை. "பூட்டியாச்சாம்" என்றான்.

வெள்ளிக்கிழமை இரண்டு பேர் வந்தார்கள், கண்ணாடி போட்ட ஒரு மேடமும் ஒரு பையனும். விளையாட நாலு பேர் வேண்டும். மேடம் அலையரசன், பையன் நஞ்சன், தேவகுமார் சார் கொக்கிக்கையன். "இந்த ஊரைக் கட்டின பொண்ணு யாரு? அவங்களும் ஆடட்டும்" என்று மேடம் சொல்ல, சாம்பல்ராணி என் கைக்கு வந்தாள். சார் என்னை ஒரு பார்வை பார்த்தார். ஒழுங்காக இரு என்று அதற்கு அர்த்தம். அமீன் கம்ப்யூட்டர் பக்கத்தில் நின்றான்.

தெரு திறந்தது. சாருக்கு, வந்தவர்களை மகிழ்விக்கிற அவசரம். நேராக எங்கள் வாசலுக்கு ஓடினார். டிங். டிங். அம்மா, லிஜின். இருபது பாயிண்ட். "சூப்பர் சார்!" என்று அந்தப் பையன் சிரித்தான். கன்ட்ரோலரை அவர் மண்டையில் எறிந்துவிடலாம் போல இருந்தது. அடுத்த வீடு லீமா மாமி வீடு. ஓடிப்போய் அந்தப் படியில், ஆடுகிற கல்லின்மேல், திரியை மறைத்துக்கொண்டு நின்றேன். ஆள் மறைத்து நின்றால் அடி ஆள்மேல்தான் விழும், திரிமேல் விழாது. சாரின் கொக்கி என்மேல் இரண்டுமுறை விழுந்தது.

"ஷீஜா, தள்ளு."

தள்ளவில்லை. மற்ற மூன்று பேரும் மிச்சத் தெருவைத் தட்டி முடித்துக் கடல்பாலத்துக்குப் போனார்கள். நாலு பேரும் பாலத்தில் வந்து நின்றால்தான் அலை வரும். சேர்ந்து விளையாடுகிற கேம் அல்லவா, யாரையும் விட்டுவிட்டுப் போகக்கூடாது என்று பெங்களூர்க்காரர்களே கேட்டு வாங்கிய விதி அது.

"வாங்க, உங்களுக்காகத்தான் வெயிட்டிங்" என்றார் மேடம்.

"நான் வரமாட்டேன் மேடம்."

"ஏதாவது கோளாறா?"

"கோளாறு ஒண்ணும் இல்ல. இது லீமா மாமிக்க வீடு. இந்தத் திரி அவங்க மக ஜெமிக்கு. சுனாமியில போனா, உடல் கிடைக்கல்ல. இப்ப சார் தட்டினது எனக்க அம்மைக்கும் தம்பிக்கும் வச்ச திரி. நீங்க தட்டினது ஒவ்வொண்ணும் ஒவ்வொரு ஆளுக்குள்ளது. நான் இந்தப் படிய விட்டு எறங்கமாட்டேன். நீங்க நாளைக்கு வரைக்கும் அந்தப் பாலத்துல நில்லுங்க."

மேடத்தின் கை கன்ட்ரோலரில் இருந்து விலகியது. சாரின் முகம் கறுத்துவிட்டது. "ஏலே அமீன், அந்த விதிய எடுத்துவிடு! மூணு பேரு வச்சு அலைய விடு!"

அமீன் கையைக் கட்டிக்கொண்டான். "முடியாது சார். பூட்டியாச்சு. இனி அதுல ஒரு கல்லக்கூட நகத்த முடியாதுன்னு நீங்கதானே சொன்னிய."

வந்தவர்கள் சரி என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. நாளைக்குக் காலையில் பேசலாம் என்று ஹோட்டலுக்குப் போனார்கள். அவர்கள் படி இறங்கியதும் சார் என்னிடம், "நீ இனி வரண்டாம்" என்றார். பையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

லீமா மாமி வீட்டுப் பின்பக்கத்தில் சாளை மீன் கழுவிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பினாள். திருப்பட்டும் என்று நடந்தது முழுவதையும் நின்றபடியே சொன்னேன்.

"உங்க திரி அணையல்ல மாமி."

தலை நிமிரவில்லை. "உனக்க அம்மைக்குள்ளது?"

"போச்சு. லிஜினுக்குள்ளதும் போச்சு. அந்த சார்தான் தட்டினாரு."

மாமி கத்தியைக் கீழே வைத்தாள். கையை முந்தானையில் துடைத்தாள். பிறகு என்னைப் பார்த்தாள், அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு முதல்முறையாக.

"அந்தப் பெங்களூர்க்காரி நாளைக்குக் காலத்த அங்க வருவாளா?"

"வருவா."

"நாலு பேரு வந்து நின்னாத்தான் அலை வரும்னுதானே பறஞ்ச?"

"ஆமா மாமி."

வாசலுக்குப் போய், குடியிருப்பு முழுக்கக் கேட்கிற மாதிரி, சந்தையில் மீன் கூவுகிற குரலில் பெயர் பெயராகக் கூப்பிட ஆரம்பித்தாள். ஒவ்வொரு கதவாகத் திறந்தது. மாமி என் பக்கம் திரும்பினாள்.

"நாளைக்கு நாங்க நாப்பது பேரு அங்க வாறோம்ட்டி. உனக்க சாரு எங்க ஓடி ஒளியுகான்னு பாப்போம்."