துடைத்த திராட்சை

அந்தச் செங்கல் வீட்டை இப்போது விடுமுறைக்கு வருகிறவர்களுக்கு வாடகைக்கு விடுகிறார்கள். அதை ஒட்டி, மதில் சூழ்ந்திருந்த காய்கறித் தோட்டம் கார் நிறுத்தும் இடமாகிவிட்டது.

நான் பெரிய வீட்டில் சமையற்காரியாக இருந்த காலத்தில் தோட்டக்காரன் ரூபனும் அவன் மனைவி ஹில்டாவும் அந்தச் செங்கல் வீட்டில் குடியிருந்தார்கள். எங்கள் எஸ்டேட்டில் வேலை போனால் வீடும் போகும். போருக்குப் போன மற்றத் தோட்டக்காரர்கள் திரும்பாததால் தோட்டத்தில் ரூபன் ஒருவன்தான். அந்தக் கோடையில் அவனுக்குப் பக்கவாதம் வந்து, வலப்பக்கம் விழுந்து, பேச்சும் போயிற்று. ஹில்டா அவனுக்கு வெறும் நெஞ்சுச்சளி என்று ஊருக்குச் சொல்லிவிட்டுத் தானே கொத்தினாள், தானே பறித்தாள், கூடையை என் அடுக்களைக்குக் கொண்டுவந்தாள். எனக்குத் தெரியும். நான் மூச்சு விடவில்லை.

ஒருநாள் பெரிய வீட்டுச் சீமாட்டி, தோட்டத்துக் கண்ணாடிக் கூடத்தில் ரூபன் வளர்த்த கறுப்புத் திராட்சையை விருந்துக்குக் கேட்டாள். ஹில்டா கூடையோடு நுழைந்தபோது எஸ்டேட் மேலாளர் கோர்டரி என் மேசையில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்.

துணியை விலக்கினேன். பழங்களெல்லாம் பளபளவென்று மின்னின. திராட்சைமேல் சாம்பல் பூத்தாற்போல ஒரு படலம் இருக்குமே, அது கலையாமல்தான் விருந்து மேசைக்குப் போகவேண்டும். ரூபன் காம்பைத் தவிர வேறெதையும் தொடமாட்டான். அந்தக் கூடத்துக்குள் அவன் மனைவியை விட்டதே இல்லை. அவளோ வாசற்படியைத் தினமும் தேய்த்துக் கழுவுகிறவள்.

"ஒரே தூசியா இருந்துச்சுக்கா. அவரே ஒண்ணொண்ணாத் தொடச்சுக் குடுத்தாரு" என்றாள் பெருமையாக.

கோர்டரி கோப்பையைக் கீழே வைத்தார். "ரூபனா தொடச்சான்?"

"நான்தாங்க தொடைக்கச் சொன்னேன்" என்று குறுக்கே விழுந்தேன்.

"நீங்களா? சும்மா இருங்க, மிஸஸ் பிளாக்கெட்." அதட்டக்கூட இல்லை. தொப்பியை எடுத்துக்கொண்டார். "போய் அவனப் பாத்துட்டு வரேன்."

பார்த்தார். மனிதர் கெட்டவரில்லை; கண் கலங்கித்தான் திரும்பினார். ஆனால் புதுத் தோட்டக்காரனுக்கு வீடு வேண்டுமே என்றார். செப்டம்பர் கடைசியில் வரும் மிக்கேல் திருநாளுக்குள் காலி செய்யவேண்டும் என்று ஆயிற்று. நான் சீமாட்டியிடம் அழுதும் பார்த்தேன். "பாவம்தான்" என்றாள். அடுத்த மூச்சில் சூப்பில் உப்புக் குறைவு என்றாள்.

காலி செய்கிற அன்று ரூபனை நாற்காலியோடு தூக்கி வண்டியில் வைத்தார்கள். சாமான் கட்டிக்கொண்டிருந்த ஹில்டா என்னை நிறுத்திக் கேட்டாள்: "அக்கா, சுத்தமாத்தானே குடுத்தேன்? கோர்டரி ஐயாவுக்கு எப்படித் தெரிஞ்சுச்சு?"

சொல்லாமல் இருந்திருக்கலாம். அந்தச் சாம்பல் படலத்தை ரூபன் ஒருநாளும் துடைக்கமாட்டான் என்று சொல்லிவிட்டேன்.

அவள் கட்டிக்கொண்டிருந்த கயிற்றை விட்டுவிட்டாள். "அன்னிக்கு நான் தொடைக்கத் தொடைக்க இவரு ஊ ஊன்னு கத்தினாருக்கா. இடது கையால மேசையப் போட்டு அடிச்சாரு. குளிருதாக்கும்னு போர்வையப் போத்திவிட்டேன். அப்பவும் அடங்கல. கதவச் சாத்திட்டு, மிச்சத்த அடுத்த ரூமுல போய் உக்காந்து தொடச்சேன்."