நேர் அம்பு

ஆன்லைனில் கேட்டகரி தியரி படிக்கிறேன். எதையும் அது எதோடு எப்படித் தொடர்பு கொள்கிறது என்பதை வைத்தே பார்க்கும் கணிதம் அது. வீட்டிலிருந்து ஓர் உதாரணம் வரைந்து வரச் சொன்னார்கள். எனக்கா உதாரணத்துக்குப் பஞ்சம்?

தன்னைக் கேட்காமல் அப்பா சமையலறைக் கதவுக்குப் பச்சை பெயிண்ட் அடித்த நாளிலிருந்து அவரோடு அம்மா பேசுவதில்லை. "டீ ஆறுதுன்னு உங்கப்பாகிட்ட சொல்லு" என்பாள். "சர்க்கரை பத்தலைன்னு உங்கம்மாகிட்ட சொல்லு" என்பார் அவர். நடுவில் நான் கால் கடுக்க நடக்கிறேன்.

மூன்று புள்ளிகள் வைத்து அம்மாவிடம் காட்டினேன்.

"உன்கிட்டேருந்து எனக்கு ஒரு அம்பு. என்கிட்டேருந்து அப்பாவுக்கு ஒரு அம்பு. அப்போ உன்கிட்டேருந்து அப்பாவுக்கு நேராவே ஒண்ணு இருந்தாகணும். விதிம்மா, நானா சொல்லலை."

"அப்படி ஒண்ணு இருந்தா நான் ஏன்டி உன் உயிரை எடுக்கிறேன்?"

கூடத்தில் செய்தித்தாள் மடங்கும் சத்தம் கேட்டது. "இருக்குன்னு உங்கம்மாகிட்ட சொல்லு" என்றார் அப்பா.

நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா கூடத்தைப் பார்த்துக் கத்தினாள்: "காதுல விழுந்துச்சு. பச்சை சகிக்கலை!"