பத்து வரி இல்லாத பாட்டு

தொழுகைக்கு வந்த ஒருவர் சுவரைத் தொட்டு விரலை முத்தமிட்டுக்கொண்டு போனபோதுதான் சொரைடாவுக்கு விஷயம் புரிந்தது. அவர் முத்தமிட்டது இறைவசனத்தை அல்ல. அவளுடைய தோழி லத்தீஃபாவின் தாத்தா, தென்மாநிலத்துப் பருத்திக்காட்டை உதறிவிட்டு வடக்கே ரயிலேறியபோது மடியில் வைத்திருந்த சோள ரொட்டியைப் பற்றிய கவிதையை.

பிராங்ஸில் இருந்த அந்தச் சின்னப் பள்ளிவாசலின் பக்கச் சுவரை இருவரும் கெஞ்சிக் கேட்டு வாங்கியிருந்தார்கள். வலப்பாதியில் லத்தீஃபாவின் ஆங்கிலம், இடப்பாதியில் சொரைடாவின் ஸ்பானியம். மொழி அப்படியே, எழுத்து மட்டும் அரபு; இரண்டையும் எழுதியது சொரைடா. தூரிகையை ஒருமுறை அழுத்தினால் விழும் புள்ளிதான் அளவுகோல். ஒவ்வொரு எழுத்தின் உயரத்தையும் அந்தப் புள்ளியை அடுக்கித்தான் பார்ப்பாள். இவ்வளவு அழகாக எழுதியதுதான் வினையாகிவிட்டது.

பள்ளிவாசலைப் பார்த்துக்கொள்ளும் ஹக்கீம் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு வந்து நின்றார்.

"தங்கச்சி, சனங்க இத குர்ஆன்னு நெனைக்கிறாங்க. நேத்து ஒருத்தர் குப்பைத்தொட்டிய அந்தாண்ட தள்ளி வெச்சிட்டாரு. வெள்ளிக்கிழமை தொழுகைக்கு முன்னாடி வெள்ளையடிச்சிடுங்க."

"ரொட்டிக்கு மரியாதை குடுத்தா பாவமா, அண்ணே?" என்றாள் லத்தீஃபா, வர்ணம் கலக்கியபடி.

"பாவம் இல்ல. ஏமாத்து."

அந்தச் சொல் சொரைடாவைச் சுட்டது. அதில் பாதி உண்மை இருந்ததால் கூடுதலாகவே சுட்டது. ஆனாலும் அழிக்க மனம் ஒப்பவில்லை. இடப்பாதியில் இருந்தது அவள் அம்மா கட்டிய பாட்டு. அப்பா இறந்த வருடம், கிறிஸ்துமஸுக்கு வீடு வீடாகப் பாடிவருகிற கூட்டம் துக்க வீட்டு வாசலில் தயங்கி நின்றபோது, அம்மா நின்ற நிலையில் கட்டி அவர்களை உள்ளே அழைத்தது. மகள் மதம் மாறி, தலையில் முக்காடு ஏறியபின் அம்மா இந்தத் தெருப்பக்கமே வருவதில்லை. உன் எழுத்து எனக்குப் பூட்டின கதவு என்று சொல்லிவிட்டாள். அவளுக்காகத்தான் சொரைடா இந்தச் சுவரில் ஏறினாள்.

"எல்லார் முன்னாடியும் வாசிச்சிட்டா ஏமாத்து இல்லல்ல?" என்றாள். "வெள்ளிக்கிழமை நீங்களே வாசிங்க அண்ணே."

"ஸ்பானியம் எனக்கு ஒரு எழவும் தெரியாதேம்மா."

"எழுத்து தெரியுமில்ல. போதும்."

அன்றே அம்மாவுக்குப் போன் செய்தாள். "மம்மி, ஒரு தடவ வந்து கேளு. பிடிக்கலன்னா என் கையாலயே அழிச்சிடுறேன்."

வெள்ளிக்கிழமை அம்மா வந்தாள். கைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு எதிர்ப்பக்க நடைபாதையிலேயே நின்றுகொண்டாள். ஹக்கீம் வலப்பாதியை வாசித்ததும், இது ரொட்டிக் கதை என்று புரிந்து தொழ வந்தவர்கள் சிரித்தார்கள்; முத்தமிட்டவர்தான் அதிகம் சிரித்தார். பிறகு இடப்பாதி. ஹக்கீம் எழுத்தெழுத்தாகத் தடவிக்கொண்டு, தனக்கே புரியாத சொற்களை உரக்கச் சொன்னார். அவர் நாற்காலி காலியாக இருக்கிறது, வாசலில் பசியோடு நிற்காதீர்கள் என்று அந்தக் கறுப்பு மனிதரின் வாயிலிருந்து தன் துக்கம் வருவதைக் கேட்ட அம்மா தெருவைக் கடந்து வந்தாள்.

"ஏன் நிறுத்திட்டாரு?"

"அவ்வளவுதான் எழுதியிருக்கு, மம்மி. மிச்சம் ஞாபகம் இல்ல."

"நாலு வரியா? எங்க ஊர்ல பத்து வரி இல்லன்னா அது பாட்டே இல்ல, நொண்டி. அழிக்கிறதுன்னா முழுசா எழுதிட்டு அழி."

சொரைடா தூரிகையை எடுத்தாள். சுவரைப் பார்த்தாள். "இடம் இல்லையே."

"என் பக்கம் வா," என்றாள் லத்தீஃபா. "எங்க தாத்தா நகர்ந்து உக்காருவாரு."

ஹக்கீம் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். வெள்ளை வர்ண டப்பாவைப் பார்த்தார். ஏணியை வலப்பக்கம் நகர்த்திப் பிடித்துக்கொண்டார். சொரைடா ஏறினாள். கீழே அம்மா ஐந்தாம் வரியை ஆரம்பித்தாள், சொல்லவில்லை, பாடினாள். ரயிலுக்கு மேலே, ரொட்டிக்கு மேலே, முதல் எழுத்து ஈரமாக இறங்கத் தொடங்கியது.