ஆறு கிலோமீட்டர்

“தினமும் ஆறு கிலோமீட்டர் நடந்த மனுஷன், அவரே போயிட்டாரு. இனிமே நான் நடந்து என்னத்தக் கிழிக்கப் போறேன், சொல்லுங்க டாக்டரம்மா?”

அக்கா இப்படிக் கேட்டபோது தம்பி வாடகை நாற்காலிகளை விரித்துப் போட்டுக்கொண்டிருந்தார். ஒரு நாற்காலி படக்கென்று மடங்கி அவர் விரலைக் கடித்தது. சாவு வீட்டில் யார் அலறினாலும் யாரும் தப்பாக நினைக்கமாட்டார்கள். ஆனாலும் பல்லைக் கடித்துக்கொண்டார்.

கூடத்தில் அத்தான் படுத்திருந்தார். முப்பது வருஷம் லிப்ட் மெக்கானிக்காக இருந்தவர். நேற்று மதியம் சாப்பிட்டுவிட்டுச் செய்தித்தாளோடு சாய்வு நாற்காலியில் சாய்ந்தார், அவ்வளவுதான். ஒருவருக்கும் தொந்தரவு கொடுக்கவில்லை. வண்டி நாலு மணிக்கு வரும் என்று சொல்லியிருந்தார்கள்.

“அவர் விஷயம் வேற, உங்க விஷயம் வேறம்மா,” என்றார் டாக்டர். தெருமுனையில் மருத்துவமனை வைத்திருப்பவர். “உங்க சர்க்கரைக்கு மாத்திரை மட்டும் பத்தாது. நடக்கலேன்னா அடுத்து கால்லதான் கை வைக்கணும்.”

“நடந்து நடந்தேதான் அவருக்கு உடம்பு தேஞ்சிருக்கும்,” என்றாள் சித்தி. சுற்றி இருந்தவர்கள் ‘ஆமா, ஆமா’ என்று தலையாட்டினார்கள். அக்காவும் ஆட்டினாள். டாக்டர் பெருமூச்சு விட்டுப் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

தம்பி விரித்த நாற்காலியிலேயே உட்கார்ந்துவிட்டார். ஐம்பத்து நாலு வயதுத் தம்பி. மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். அத்தானோடு மூன்று வருஷம், ஞாயிறு தவிர, தினமும் நடக்கப் போன ஒரே ஆள் அவர்தான். அவர்கள் நடந்த தூரம், வீட்டு வாசலிலிருந்து பேக்கரி வரைக்கும். நிதானமாகப் போனால் நாலு நிமிஷம்.

முதல் வாரம் நிஜமாகவே நடந்தார்கள், அதைச் சொல்லியே ஆகவேண்டும். பேக்கரி தாண்டி, சாலைத் திருப்பம் வரைக்கும் போனார்கள். இரண்டாம் வாரம் “பத்து நிமிஷம் உக்காந்துட்டுப் போலாம் மாப்ள” என்றார் அத்தான். உட்கார்ந்தார்கள். அந்தப் பத்து நிமிஷம் மூன்று வருஷம் ஓடிவிட்டது. வீட்டுக்கு வந்ததும் பிரிட்ஜ் கதவில் ஒட்டிய தாளில் அத்தான் ‘6’ என்று எழுதுவார். ஆரம்பத்தில் எழுதும்போது கண்ணடிப்பார். போகப் போகக் கண்ணடிப்பது நின்றது. இருவருமே நம்ப ஆரம்பித்துவிட்டார்கள். கடைக்கு வருகிறவர்களிடம், “நடக்க ஆரம்பிச்சதுலேர்ந்து எனக்கு முட்டிவலியே போச்சு சார்” என்று தம்பி சொன்னதுண்டு. வலி போனதும் உண்மை. அந்த வெட்கக்கேட்டை யாரிடம் சொல்ல!

ஆனால் இப்போது அந்தப் பொய் அக்காவின் காலைப் பிடித்திருக்கிறது. இறந்தவரின் பெயரைக் கெடுக்கலாமா என்று ஒரு நிமிஷம் யோசித்தார். அப்புறம், யார் பெயரைக் காப்பாற்ற இந்த யோசனை என்று தன்னையே கேட்டுக்கொண்டார். அத்தான் பெயரையா, தன் பெயரையா? நெஞ்சைத் தொட்டுச் சொன்னால் தன் பெயரைத்தான். எழுந்து சமையலறைக்குப் போனார்.

அக்கா தண்ணீர் குடிக்க வந்திருந்தாள். பிரிட்ஜ் கதவில் இந்த மாதத்துத் தாள் இருந்தது. வரிசையாக ஆறு, ஆறு, ஆறு.

“அக்கா, ஒண்ணு சொல்லணும். திட்டிக்கோ, அடிச்சுக்கோ.”

“என்னடா?”

“நாங்க நடக்கலக்கா.”

“நேத்தா?”

“என்னிக்குமே.”

அக்கா டம்ளரை மெல்ல மேடைமேல் வைத்தாள். வெளியே யாரோ இருமினார்கள். தம்பி தரையைப் பார்த்துக்கொண்டே எல்லாவற்றையும் கொட்டினார்.

“அத்தான் நடந்து சாகலக்கா. அதனால நீ நடக்காம இருக்காத. உன்னையும் நான் பறிகொடுக்க மாட்டேன்.”

அக்கா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். அப்புறம் கேட்டாள்: “என்ன சாப்பிட்டீங்க?”

“பன்னு. வெண்ணெய் தடவினது.”

“எத்தனை?”

“எனக்கு ஒண்ணு.”

“உங்க அத்தானுக்கு?”

தம்பி விரல்களை மட்டும் காட்டினார். மூன்று.

அக்காவின் தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்துக் கையை நீட்டினால், சிரிக்கிறாள்! வாயைப் பொத்தியும் அடங்கவில்லை. பொத்திக்கொண்டு வெடிக்கிற சிரிப்பு. தம்பிக்கும் தொற்றிக்கொண்டது. இரண்டு பேரும் மேடையைப் பிடித்துக்கொண்டு கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். சித்தி ஓடிவந்து எட்டிப் பார்த்து, “ஐயோ, புத்தி பேதலிச்சுப் போச்சே!” என்று கத்திக்கொண்டே திரும்பி ஓடினாள். அதில் சிரிப்பு இன்னும் அதிகமாகிவிட்டது.

மூச்சு திரும்பியதும் அக்கா சொன்னாள். “எனக்குத் தெரியும்டா. துவைக்கிறவளுக்குத் தெரியாதா? மூணு வருஷத்துல ஞாயித்துக்கிழமை தவிர ஒரு நாளும் சட்டையில வேர்வை இல்ல. பையில பூரா பன்னுத் தூள்.”

“தெரிஞ்சுமா டாக்டர்கிட்ட அப்படிச் சொன்ன?”

அக்கா தாளைப் பார்த்தாள். “அவர் பொய் எனக்கும் வசதியா இருந்துச்சு. வீட்டுல ஒருத்தர் நடந்தா போதும்னு உக்காந்துட்டேன். இன்னிக்கு அதையே திருப்பிப் போட்டுட்டேன்.” முகத்தைத் துடைத்துக்கொண்டாள். “ஆனா எவ்ளோ சந்தோஷமா வருவாரு தெரியுமா காலைல! அதக் கெடுக்க மனசு வரலடா.”

அப்போதுதான் அழுதாள். தம்பி பக்கத்திலேயே நின்றார். நாலு மணிக்கு வண்டி வந்தது.

நாலாம் நாள் காலை ஆறு மணிக்கு அக்கா தம்பி வீட்டுக் கதவைத் தட்டினாள். காலில் கான்வாஸ் ஷூ. வழியில் பேக்கரிக்காரர் கையைத் தூக்கினார், அக்கா பதிலுக்குக் கையைத் தூக்கிவிட்டு நிற்காமல் போனாள். திருப்பம் வந்தது.

“இதுக்கு மேல எனக்குத் தெரியாதுக்கா,” என்றார் தம்பி. “வந்ததே இல்ல.”

“இடது பக்கம் ஏத்தம் இருக்கும்னு உங்க அத்தான் சொல்வாரு. ஏறினா மேல ஒரு குட்டை, அதுல ஏழு வாத்துன்னு கதை விடுவாரு. ஒண்ணுக்கு ஒரு கால் நொண்டியாம்.”

“அடேங்கப்பா!”

இடது பக்கம் ஏற்றம் இருந்தது. அக்கா இரண்டு முறை நின்றாள், தம்பி நாலு முறை. உச்சியில் வேலிக்கு அந்தப் பக்கம் நிஜமாகவே ஒரு குட்டை இருந்தது. வாத்துகள் கரையில் இறகைக் கோதிக்கொண்டிருந்தன.

“எங்கூட ஒரு நாளும் இங்க வரலையே,” என்றார் தம்பி, மூச்சிரைக்க.

“ஞாயித்துக்கிழமை நீ தூங்குவியே,” என்றாள் அக்கா.

அவள் வேலியைப் பிடித்துக்கொண்டு விரலை நீட்டி எண்ணினாள். ஆறு வரை எண்ணிவிட்டு நிறுத்தினாள். புதருக்குப் பின்னாலிருந்து இன்னொன்று, ஒரு காலைச் சாய்த்துச் சாய்த்து, தண்ணீரை நோக்கி நடந்து வந்தது.