மக்கிப் போக வேண்டிய முடிச்சு

இன்னும் ஒன்றரை முழம்தான் பாக்கி. பன்னிரண்டு வருடமாக ஓடைக்கு மேலே வளர்ந்து வந்த வேர், அக்கரை மண்ணைத் தொட ஒன்றரை முழம் இருக்கும்போது நின்றுவிட்டது.

ஞாயிறுதோறும் சர்ச் முடிந்து திரும்பும்போது தைலின் மூங்கில் பாலத்தின் அக்கரைக் கோடியில் நின்று, முழங்கையை நீட்டி அந்த இடைவெளியை அளப்பாள். மார்ச்சில் ஒன்றரை முழம். ஏப்ரலிலும் ஒன்றரை முழம். நல்ல வேரின் நுனி இளஞ்சிவப்பாக இருக்கும். இதன் நுனியோ காய்ந்த பாக்குத் தோல் நிறத்துக்கு வந்துவிட்டது.

மேகாலயாவில், எங்கள் காசி மலைச் சரிவில் பாலம் கட்டுவதில்லை, வளர்ப்பதுதான் வழக்கம். இங்கே பெய்கிற மழைக்கு இரும்பு துருப்பிடித்து உதிரும், மரம் உளுத்துப் போகும். உயிருள்ளது மட்டும்தான் நிற்கும். அதனால் ஓடைக்கரையில் ரப்பர் ஆல் ஒன்றை வைத்து, அதன் விழுதைப் பிளந்த பாக்குமரத்தின் மேல் படுக்கவிட்டு, மெல்ல மெல்ல அக்கரைக்குக் கூட்டிப் போகிறோம். வேர் மண்ணைத் தொட்டுவிட்டால் பருக்கத் தொடங்கும். நாலு வருடத்தில் ஆள் நடக்கலாம். நூறு வருடம் கழித்தும் நடக்கலாம்.

தைலினின் மகள் இபானுக்கு ஆறு வயது. பள்ளிக்கூடம் அக்கரையில். ஜூன் மாதம் ஓடை பொங்கினால் மூங்கில் பாலம் வருடம் தவறாமல் அடித்துக்கொண்டு போகும். பிறகு மூன்று மாதம் மேல்காட்டுப் பாலம் வழியாகச் சுற்றிப் போக வேண்டும், போக இரண்டு மணி நேரம், வர இரண்டு மணி நேரம். இந்த மழையில் வேர் மண்ணைத் தொட்டால், பத்து வயதில் இபான் அதன் மேல் நடப்பாள். செத்துப்போனால் புது விழுதைப் பிடித்து முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அப்போது நடப்பது இபானின் பிள்ளையாகத்தான் இருக்கும்.

பூச்சி என்றார்கள் சிலர். பனிக்காலத்தில் தண்ணீர் போதவில்லை என்றார்கள். பொறாமைக் கண் என்றும் ஒரு பேச்சு வந்தது. தைலினின் கணவன் கித்போக்குக்கு மட்டும் மறந்துபோன ஒரு முடிச்சு நினைவுக்கு வந்தது.

கித்போக் ஷில்லாங்காரன். எங்களில் தாய்வீடு கடைக்குட்டிப் பெண்ணுக்குத்தான்; அவளைக் கட்டினால் அவள் வீட்டுக்குப் போய்விட வேண்டியதுதான். வீட்டோடு மாப்பிள்ளை என்று இங்கே யாரும் சிரிக்க மாட்டார்கள். ஆனால் வேறு எதற்காவது சிரித்துக்கொண்டே இருப்பார்கள். மலைமேல் ரோட்டிலிருந்து துடைப்பப்புல் ஏற்றிப் போகும் ஜீப் அவனுடையது. மாலையில் ஆயிரத்து எண்ணூறு படி இறங்கி வீட்டுக்கு வருவான். வந்த புதிதில் பாலிதீன் பையில் ரொட்டி வாங்கி வந்தான். தைலினின் அக்கா கோங் ரிசுக் வாசலிலேயே மறித்தாள். கோங் என்றால் அக்கா; ஊருக்கே அவள் கோங்தான். அவள் வாயில் எந்நேரமும் வெற்றிலை பாக்கு இருக்கும், அதற்கிடையே வார்த்தையும் வரும்.

"ரொட்டியைக் குடுத்துட்டு அந்தப் பையை நீயே மேல கொண்டு போ மாப்ள. இங்க அதைத் திங்க ஆளு கெடையாது. பன்னிகூடத் திங்காது."

"ஒரு பைதானே கோங்?"

"ஒரு பைதான். அதான் நீயே தூக்கிக்கிறியே, ஊரு எதுக்கு?"

அன்றைக்கு அந்தக் காலிப் பைக்காக ஆயிரத்து எண்ணூறு படி ஏறி இறங்கினான். அதற்குப் பிறகு அவனும் இலையில்தான் சுற்றி வாங்கினான். அரிசி கழுவிய தண்ணீர் பன்றிக்கு, இலை குழிக்கு, குப்பை மூங்கில் கூடைக்கு என்று எல்லாம் பழகிப்போனது. ஒன்று மட்டும் பழகவில்லை.

மூங்கில் பாலத்தில் போகிற யாரும் சும்மா போக மாட்டார்கள். பக்கத்தில் தொங்கும் நூல் போன்ற இளவேர் ஒன்றை எடுத்து, பெரிய வேரோடு ஒரு சுற்றுச் சுற்றிச் செருகிவிட்டுப் போவார்கள். முதுகில் கூடை இருந்தாலும் சரி, பேச்சு சுவாரசியத்தில் இருந்தாலும் சரி. வாசலில் செருப்பைக் கழற்றுவது போல, அதை ஒரு வேலையாகவே யாரும் நினைப்பதில்லை. கித்போக்குக்கு அது சிரிப்பாக இருந்தது. இந்த நூலைச் செருகியா பாலம் நிற்கப் போகிறது? கையை வீசிக்கொண்டே கடந்து போவான்.

அவனுக்கும் பேர் வாங்க ஒருநாள் வந்தது. மூன்று வருடத்துக்கு முன் ஜூன் மாதப் புயலில் அவன் தனியாகப் படி இறங்கி வந்தபோது, தாங்கியிருந்த பாக்குமரம் சரிந்து, பெரிய வேர் காற்றில் சாட்டை மாதிரி அடித்துக்கொண்டிருந்தது. இன்னும் கால் மணி நேரம் விட்டால் முறிந்திருக்கும். தோளில் கிடந்த நீல நைலான் கயிற்றை, துடைப்பக்கட்டு கட்டும் கயிற்றை, உருவி வேரைப் பக்கத்து விழுதோடு நாலு சுற்றுச் சுற்றி இறுக்கிக் கட்டினான். ஊரே அவனைப் புகழ்ந்தது. கோங் ரிசுக்கே தன் கையால் வெற்றிலை மடித்துக் கொடுத்தாள். நைலானைப் பார்த்தால் மறுபடி மேலே கொண்டு போகச் சொல்வாளே என்று, விடியும் முன்பே போய்க் கட்டின் மேல் பாசியை அப்பி மூடியிருந்தான் என்பது மட்டும் யாருக்கும் தெரியாது. மழை விட்டதும் அவிழ்த்துவிடலாம் என்று நினைத்தான். பிறகு மறந்தே போனான்.

இங்கே வேரைப் பிரம்பால்தான் கட்டுவார்கள். இரண்டு மழையில் பிரம்பு மக்கி உதிரும். அதற்குள் வேர் தன் காலில் நின்றுவிடும். அதனால் எங்கள் ஊரில் கட்டத் தெரிந்தவர்கள் உண்டு, அவிழ்க்கப் போகிறவர்கள் இல்லை. அவிழ்ப்பது மழையின் வேலை. அந்தக் கட்டைத் திரும்பிப் பார்க்க வேண்டும் என்று யாருக்குத் தோன்றும்?

நுனி காய்ந்த பிறகு ஒரு திங்கட்கிழமை விடிந்ததும் கித்போக் போய்ப் பாசியை விலக்கினான். கயிறு கண்ணில் படவே இல்லை. வேர் அதன் இரண்டு பக்கமும் வீங்கி, கயிற்றை விழுங்கியிருந்தது. நடுவில் கத்தியால் கீறியது போல ஒரு பள்ளம், அதன் அடியில் ஒரு நூல் நீலம். பன்னிரண்டு வருடத்தின் கழுத்தை அவன் நெரித்திருக்கிறான்.

இரண்டு நாள் வழக்கம்போல ஜீப்போடு போய் வந்தான். புதன்கிழமை காலை சோறும் கருவாட்டுத் துவையலும் முன்னால் இருந்தன. இபான் கேட்டாள்.

"அம்மா, வேரு செத்துப் போச்சுன்னா அதுக்கும் கல்லறை கட்டுவாங்களா?"

"தைலின், அதைப் பூச்சி திங்கல. நான்தான்," என்றான் கித்போக். எல்லாவற்றையும் சொன்னான், பாசியை அப்பியது வரை.

தைலின் கத்துவாள் என்று எதிர்பார்த்தான். அவள் மகளின் தட்டை எடுத்துக் கழுவி வைத்தாள். கழுவிய தண்ணீரைப் பன்றித் தொட்டியில் ஊற்றினாள். வெட்டுக்கத்தியை எடுத்து அவன் கையில் கொடுத்தாள்.

"புயல்ல கட்டினதுக்கு ஒண்ணும் சொல்ல மாட்டேன் கித். மூடி வச்சியே, அதான். நட."

அக்கரையில் இருந்த கோங் ரிசுக்கும் வந்து சேர்ந்தாள். விஷயம் கேட்டதும் வெற்றிலையைத் துப்பிவிட்டாள். அவள் பாதி வெற்றிலையைத் துப்பி ஊரில் யாரும் பார்த்ததில்லை.

"ஒரு ரொட்டிப் பைக்கே மேல அனுப்பினேனே. இதுக்கு உன்னை எங்கடா அனுப்பறது?"

கித்போக் பாலத்தில் முடிச்சருகே குனிந்தான்.

உயிர் இருந்தால் கீறிய இடத்தில் பால் வரும். முடிச்சுக்கு இந்தப் பக்கம், மரத்தை ஒட்டிக் கத்தி நுனியால் லேசாகக் கீறினான். பால் குபுக்கென்று வந்தது. முடிச்சுக்கு அந்தப் பக்கம் ஒரு சாண் தள்ளிக் கீறினான். ஒன்றுமில்லை. பழைய விறகைக் கீறியது போலிருந்தது. இன்னும் ஒரு முழம் தள்ளி. அங்கேயும் இல்லை. கத்தியைப் பாலத்தின் மேல் வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டான்.

"நுனிக்கிட்ட பாரு," என்றாள் கோங் ரிசுக்.

"என்னால முடியாது கோங்."

தைலின் கத்தியை எடுத்துக்கொண்டு நடந்தாள். அக்கரைப் பக்கம் குனிந்தாள். நெடுநேரம் அங்கேயே குனிந்திருந்தாள். பிறகு, "அக்கா," என்றாள். மற்ற இருவரும் ஓடினார்கள்.

நுனிக்கு இரண்டு முழம் முன்னால், கீறிய இடத்தில் ஒரு சொட்டு வெள்ளை. மெல்லப் பருத்து, உருண்டு, ஓடையில் விழுந்தது. அடுத்த சொட்டு வந்தது.

நடுவில் செத்த வேருக்கு நுனியில் எங்கிருந்து பால்? மூன்று பேரும் அந்த வேரைத் தடவிக்கொண்டே திரும்பி வந்தார்கள். அப்போதுதான் கித்போக் அதைப் பார்த்தான். ஏழு வருடமாகப் பக்கத்திலேயே நடந்தும் பார்க்காததைப் பார்த்தான். முடிச்சுக்கு முன்னாலிருந்து கிளம்பிய இளவேர்கள், பென்சில் தடிமனில் சில, விரல் தடிமனில் சில, பெரிய வேரைச் சுற்றிச் சுற்றி முடிச்சைத் தாண்டிப் போயிருந்தன. செத்த பகுதியையும் தாண்டி அந்தப் பக்கம் போய்ப் பெரிய வேரோடு ஒட்டி, தோலோடு தோலாகி, எது எதன் வேர் என்று பிரிக்க முடியாமல் ஒன்றாகியிருந்தன. அவன் நெரித்த இடத்தைச் சுற்றிக்கொண்டு, ஊர் அதற்குப் பால் கொடுத்திருக்கிறது.

அவன் மயிர்க்கூச்செறிந்து நின்றான். சர்ச்சில்கூட அவனுக்கு அப்படி வந்ததில்லை. யாரும் இதைக் காப்பாற்ற நினைத்துச் செய்யவில்லை. முடிச்சு இருப்பதே யாருக்கும் தெரியாது. கூடையோடு போனவள், பேசிக்கொண்டே போனவன், பள்ளிக்கூடத்துக்கு ஓடிய பிள்ளை, ஒவ்வொருவரும் ஒரு நூலைச் செருகிவிட்டு மறந்து போயிருக்கிறார்கள்.

கோங் ரிசுக்குக்கு வாய் திரும்பி வந்தது. ஒவ்வொன்றாகத் தொட்டாள்.

"இது டீக்கடைக்காரன். அவன் இடக்கை, எதையும் தலைகீழாத்தான் சுத்துவான். இது பாதிரியார். பாவம், தண்ணியக் கண்டா பயம், கரையோரத்துலயே செருகிட்டு ஓடிடுவாரு. இந்தக் கோணல் உன் பொண்ணு. இது நான்."

"என்னோடது?" என்று கேட்டுவிட்டான் கித்போக். கேட்ட பிறகுதான் பதில் தனக்கே தெரியும் என்பது உறைத்தது. அந்த வேர்களில் ஒன்றுகூட அவனுடையது இல்லை. அவன் கண் கலங்கியது.

கோங் ரிசுக் அதைப் பார்த்தாள். அந்த ஒரு தடவை மட்டும் கேலி செய்யவில்லை.

கயிற்றை எடுக்க அரைநாள் ஆனது. வேர் நோகாமல், உளியால் தோண்டித் துண்டு துண்டாக உருவினான். அது புதுசு மாதிரி இருந்தது. மூன்று மழைக்காலம் கிடந்தும் நீலம்கூட வெளுக்கவில்லை. அதே புயலுக்குப் பிறகு தைலின் கட்டிய பிரம்புக் கட்டுகள் இருந்த இடத்தில் ஒரு தழும்பு மட்டும் இருந்தது. நைலான் துண்டுகளைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, யாரும் சொல்லாமலே, மலையேறினான்.

ஜூன் முதல் வாரம் பழைய நுனிக்குப் பக்கத்தில் இளஞ்சிவப்பாக ஒரு புதுநுனி எட்டிப் பார்த்தது. இடைவெளி சுருங்கியது: ஒரு முழம். அரை முழம். மூன்றாவது வாரம் ஓடை பொங்கி மூங்கில் பாலத்தைக் கொண்டு போனது. வேர் தண்ணீருக்கு மேலே ஆடியது, அறுந்து போகவில்லை. அக்கரைக்காரர்கள் நுனிக்குக் கீழே மண்ணைக் குவித்து உயர்த்தினார்கள். ஜூலை கடைசியில் ஒரு மத்தியானம் அது மண்ணைத் தொட்டது. கித்போக் மேல்காட்டுப் பாலம் சுற்றி, மகளைத் தோளில் வைத்துக்கொண்டு, மழையிலேயே அக்கரை போய்ச் சேர்ந்தான்.

கோங் ரிசுக் நுனியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பன்னிரண்டு வருடத்து வேரை மண்ணில் புதைத்துக் கட்டுவது ஊருக்கு மூத்தவர்கள் செய்கிற காரியம்.

"வா மாப்ள. நீயே கட்டு."

"நானா கோங்?"

"நீதான். உனக்குத்தான் கட்டு போடத் தெரியுமே!"

எல்லாரும் சிரித்தார்கள். இபானும் சிரித்தாள். கித்போக் நுனியை ஈரமண்ணில் பதித்தான். பக்கத்தில் ஒரு கல்லை வைத்து, வேரைக் கல்லோடு பிரம்பால் சுற்றினான். விரல் நுழைகிற அளவு தளர்வாக விட்டு முடிச்சுப் போட்டான். பிறகு காற்றில் ஆடிக்கொண்டிருந்த ஒரு இளவேரைப் பிடித்து, பெரிய வேரோடு ஒரு சுற்றுச் சுற்றிச் செருகினான்.

இந்தத் தடவை பாசியால் எதையும் மூடவில்லை. அவிழ்க்க யாரும் வர வேண்டியதும் இல்லை. இரண்டு மழை போதும்.