கொசுறுச் சாம்பல்

கத்திரிக்காய் வாங்கினாலும் கறிவேப்பிலை கொசுறு கேட்கிறவர் தீப்பெட்டி வியாபாரி பூவனலிங்கம். பசுவந்தனை ரோட்டில் குடோன் கட்டும்போது மட்டும் விடுவாரா? அனல்மின் நிலையச் சாம்பலும் சுண்ணாம்புக்கல் பொடியும் கலந்த புதுக் காங்கிரீட் என்றதும் கேட்டார்.

"சாம்பலக் கொசுறா இன்னுங் கொஞ்சம் போட்டா என்னம்மா?"

காங்கிரீட் கம்பெனி இன்ஜினியர் ப்ரியதர்ஷினி சிரிக்கவில்லை. "இது வைப்ரேட்டர் வச்சுக் குலுக்காமலே தானா ஓடி சந்துபொந்தெல்லாம் அடைக்கும் அண்ணாச்சி. சாம்பல் கூடுனா இறுக நேரமாகும். அதுவரைக்கும் ஓடிக்கிட்டே இருக்கும்."

"ஓடட்டும். நானென்ன அதோட பந்தயமா கட்டியிருக்கேன்?"

பேரம் படிந்தது. கொசுறும் சேர்ந்தது.

சித்திரை வெயிலில் கரிசல் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. பக்கத்து நிலத்தில் ஆடு மேய்க்கும் ஆறுமுகத்தாய், குடோனின் அடித்தூணுக்குத் தோண்டிய குழியை ஒட்டிய வெடிப்பில் ஒரு கல்லைப் போட்டுக் காது வைத்தாள்.

"சத்தமே வரல அண்ணாச்சி. இப்பிடி வெடிப்பத் தாண்டி நாங்க ஆட்ட விட மாட்டோம். எங் கெணறு பக்கத்துல இருக்கு. ஆடுகளுக்கு அது ஒண்ணுதான் தண்ணி. ஒரு மழ பெஞ்சு வெடிப்பு மூடட்டும், பெறவு ஊத்துங்க."

"கல்லு ஃபோன எடுக்கலயாக்கும்? லாரி வந்து நிக்குது. மழைக்கு நீ சொல்லி வச்சிருக்கியா?"

ஊற்றினார்கள். வைப்ரேட்டரின் இரைச்சல் இல்லாத வேலை. பம்பு மட்டும் முனகியது. குழி கழுத்துவரை நிறைந்தது. பிறகு, யாரோ உறிஞ்சியதுபோல, சத்தமில்லாமல் இறங்கியது. இரண்டாவது லாரியும் அப்படியே.

"நிறுத்திருவோம் அண்ணாச்சி, இது எங்கியோ போகுது" என்றாள் ப்ரியதர்ஷினி.

"பாதியில விட்டா தூணு வீணாப் போயிரும். ஊத்துங்க."

மூன்றாவது லாரி பாதி காலியானபோது ஆறுமுகத்தாயின் அலறல் கேட்டது. ஓடினார்கள்.

கிணற்றில் தண்ணீர் இல்லை. சாம்பல் நிறத்தில் ஒரு பரப்பு, அலையில்லாமல், வழுவழுவென்று கிடந்தது. ஆடுகள் சுற்றி நின்று அதையே பார்த்துக்கொண்டிருந்தன. ஒன்றுகூடக் கத்தவில்லை. அவள் இறக்கியிருந்த வாளியைக் காணோம். கயிறு மட்டும் விறைப்பாக நின்றது. அவள் மேலே இழுத்தாள். கயிறு கீழே போயிற்று. நிதானமாக, கை மாற்றிக் கை மாற்றி, உள்ளேயிருந்து யாரோ இறைப்பதுபோல.

"பம்ப நிறுத்துலே!" பூவனலிங்கம் கத்தினார்.

பம்பு நின்றது. கயிறு நிற்கவில்லை. அதன் நுனி அவள் கையை விட்டு நழுவி, சாம்பலுக்குள் மறைந்தது.

"போர் போட்டுத் தாரேன் தாயி." பூவனலிங்கம் பேரம் பேசாமல் சொன்ன முதல் வாக்கு அது.

"எங்கன போடுவீய?" ஆறுமுகத்தாய் வெறுங்கையைப் பார்த்தபடி கேட்டாள். "அது எங்கன போய்க்கிட்டு இருக்குன்னு மொதல்ல சொல்லுங்க."

அவர் சுற்றிலும் பார்த்தார். குடோன் வரைக்கும், ரோடு வரைக்கும், அதற்கப்பாலும் வெடிப்புகள். குனிந்து ஒரு கல்லை எடுத்தார். காலடியில் இருந்த வெடிப்பில் போட்டு, வேட்டி அழுக்காவதைப் பாராமல் மண்டியிட்டுக் காது வைத்தார்.

இந்தத் தடவை சத்தம் வந்தது. மெத்தென்று, ஈரமாக, காதுக்கு மிகப் பக்கத்தில்.